பதினாறரை வயதுப் பெண் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டால் அது கடத்தலா?

கேள்வி நீளமானது. சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறார். அவருடைய அக்கா குடும்பம் ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அக்கா கணவர் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர். அக்கா மகளுக்குப் பதினாறரை வயது, பிளஸ் டூ படிக்கிறாள். போன சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டாள். அப்பா போனைப் பிடுங்கி உடைத்துவிட்டார். இந்த வருடத்தில் இரண்டு தடவை பெல்ட்டால் அடித்திருக்கிறார். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்கிறார். "இனி அங்க போக மாட்டேன், உங்க கூடவே இருக்கேன் சித்தி" என்கிறாள் பெண். "புதன்கிழமைக்குள்ள கொண்டாந்து விடலைன்னா கடத்தல் கேஸ் குடுத்துருவேன்" என்கிறார் அப்பா. சித்தி கேட்பது மூன்று: நான் செய்தது குற்றமா? வீட்டை விட்டு வெளியேற அவளுக்கு உரிமை இருக்கிறதா? அப்பா வந்து இழுத்துக்கொண்டு போனால் தடுக்க முடியுமா?

நான் சேலத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வழக்கறிஞர். நடுவில் மூன்று வருடம் வேறொரு மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவில் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் அமைப்பு) உறுப்பினராக இருந்தேன். இந்தக் கேள்வி ஊர் பெயர் மட்டும் மாறி என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம் தாமதமாக வரும். நீங்கள் மூன்றாம் நாளே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். அக்காவுக்கும் மாமாவுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். "பாப்பா சனிக்கிழமை ராத்திரி அவளாகவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்திரமாக இருக்கிறாள். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பேசலாம்." இவ்வளவு போதும். கோபம் வேண்டாம், நியாயம் கேட்க வேண்டாம். போனில் நீங்கள் சொன்னதை நாளைக்கு அவர் மறுக்கலாம். எழுத்தில் இருக்கும் இந்த மூன்று வரிதான், நீங்கள் பெண்ணை ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு முதல் சாட்சி.

இப்போது கடத்தல். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 137-ஆம் பிரிவு, பழைய 361-இன் வாரிசு. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை, சட்டப்படியான காப்பாளரின் சம்மதம் இல்லாமல், அவருடைய பொறுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போனாலோ ஆசை காட்டி வரவழைத்தாலோ அது கடத்தல். ஏழு வருடம் வரை சிறை, அபராதம். பழைய சட்டத்தில் பையன்களுக்குப் பதினாறு, பெண்களுக்குப் பதினெட்டு என்று இருந்தது. இப்போது இருவருக்கும் பதினெட்டு. பிள்ளையின் சம்மதம் இதில் கணக்கில் வராது. "அவளே தான் வர்றேன்னா" என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

ஆனால் அந்தப் பிரிவு "கூட்டிக்கொண்டு போவது", "ஆசை காட்டி வரவழைப்பது" என்ற இரண்டு செயல்களைத்தான் பேசுகிறது. வாசலில் வந்து நின்றவளுக்குக் கதவைத் திறந்து சோறு போட்டது இந்த இரண்டில் எது? உச்ச நீதிமன்றம் இதை 1964-லேயே பேசியிருக்கிறது, அதுவும் நம்முடைய மதராஸ் வழக்கில். வரதராஜன் வழக்கு என்பார்கள். பதினெட்டு நிரம்பாத ஒரு கல்லூரி மாணவி, தானே முடிவு செய்து, தானே போன் பண்ணி, ஒருவரோடு போனாள். அப்பா கடத்தல் புகார் கொடுத்தார். தான் என்ன செய்கிறோம் என்று அறிந்த வயதில் இருப்பவள் தன் முடிவில் வெளியே வந்தால், அவளோடு இருந்தது வேறு, அவளைக் கூட்டிக்கொண்டு போனது வேறு என்றது நீதிமன்றம். தூண்டியதற்கோ, வீட்டை விட்டு வரும் முடிவில் பங்கெடுத்ததற்கோ ஆதாரம் இருந்தால்தான் குற்றம். தண்டனை ரத்தானது.

அறுபது வருடமாக வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அது நிற்கவும் நிற்கும், வழுக்கவும் வழுக்கும். வழுக்குகிற இடம் உங்கள் செல்போன். "அங்க கஷ்டப்படாத, கிளம்பி வந்துரு, நான் பாத்துக்கறேன்" என்று போன மாதம் நீங்கள் ஒரு ஆடியோ அனுப்பியிருந்தால் அது தூண்டுதலாகப் படிக்கப்படும். பாசத்தில் சொன்னதுதான், எனக்குத் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள், அழித்தால் இன்னும் மோசம். வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழுக்கல், பொய். ஆத்தூர்ப் பக்கம் ஒரு தாய்மாமன், பதினேழு வயது மருமகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, போலீஸ் வந்து கேட்டபோது "இங்க வரலீங்க" என்றார். பெண் உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மனிதர். பெண்ணுக்கு அந்த வீடு உண்மையிலேயே ஆபத்தானது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்கு அப்புறம் ஸ்டேஷனில் அவர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. பதினோரு நாள் பேச்சில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்.

மாமா நிஜமாகவே புகார் கொடுத்தால் என்ன ஆகும்? பிள்ளை காணவில்லை என்று வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்பது 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ஏற்காடு ஸ்டேஷனில் ஒன்று பதிவாகும். எஃப்ஐஆர் என்ற சொல்லைக் கேட்டுப் பதற வேண்டாம். அது பிள்ளையைத் தேடுவதற்கான காகிதம், உங்கள் பெயர் அதில் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. ஏற்காடு மாவட்டக் காவலில் வருகிறது, உங்கள் வீடு மாநகரக் காவலில் வருகிறது, ஆகவே அங்கிருந்து ஒரு போனும் இங்கிருந்து ஒருவரும் வருவார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவரைக் கேளுங்கள். பெண்ணை ராத்திரியில் ஸ்டேஷனில் உட்கார வைக்கக் கூடாது. அவள் கேஸ் கட்டில் குற்றவாளியும் கிடையாது. வீட்டை விட்டு வந்தது பிள்ளை செய்த குற்றம் என்று நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: உரிமை இல்லை. பதினெட்டுக்கு முன் "என் பொறுப்பு எனக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேற இந்தியச் சட்டத்தில் வழி கிடையாது. வெளிநாட்டு சீரியல்களில் பிள்ளைகள் நீதிபதியிடம் போய் அப்பா அம்மாவிடமிருந்து விடுதலை வாங்குவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்கள், "நமக்கு அது இல்லையா ஆன்ட்டி?" என்று. கலிபோர்னியாவில் பதினான்கு வயதிலிருந்து அப்படி மனு போடலாம் என்பது உண்மைதான். ஆனால் பெற்றோர் சம்மதத்தோடு ஏற்கெனவே தனியாக வாழ்கிறேன், சட்டப்படியான வருமானம் இருக்கிறது, என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கேயும் காட்ட வேண்டும். அதாவது ஏற்கெனவே பெரியவராக வாழ்பவருக்குத்தான் அந்தக் காகிதம் கிடைக்கிறது.

இங்கே 1875-ஆம் வருடத்து வயது வந்தோர் சட்டம் பதினெட்டு என்று கோடு போட்டுவிட்டது. 1872-இன் ஒப்பந்தச் சட்டப்படி மைனர் கையெழுத்திட்ட வாடகைப் பத்திரம் செல்லாது. வேலைக்குப் போகலாமா என்றால், பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்கள் தவிர மற்றவற்றுக்குத் தடையில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் தனி அறை எடுத்துப் பிழைப்பதெல்லாம் கதை. நான் பார்த்தவரை அப்படிக் கிளம்பிய பிள்ளைகள் தனி அறைக்குப் போய்ச் சேரவில்லை, ஏதாவது ஒரு முதலாளியின் கொட்டகைக்குத்தான் போனார்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன உரிமை? 1956-இன் இந்து மைனர் காப்பாளர் சட்டம் 6-ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் "அப்பா, அவருக்குப் பின் அம்மா" என்கிறது. அந்த "அவருக்குப் பின்" என்பதை 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. அப்பா செத்த பிறகுதான் என்று படிக்க வேண்டாம், அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் என்று படிக்கலாம் என்றது. பெற்று வளர்த்தவளின் உரிமைக்கு இப்படிச் சுற்றி வளைத்துப் பொருள் தேட வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கும் எரிச்சல் வந்தது, இன்றைக்கும் வருகிறது. உங்களுக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்று இருக்கிறது. அக்காவின் சம்மதம் பெரிய பலம், ஆனால் மாமா வீட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது அக்காவின் சம்மதம் மட்டும் போதும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஆனால் அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளையின் நலன் என்கிறது. 1890-இன் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி பார்க்கலாம் என்கிறது. பதினாறரை வயதுக்காரி சொல்வதை எந்தக் குடும்ப நீதிமன்ற நீதிபதியும் காதில் போட்டுக்கொள்ளாமல் விடமாட்டார். பெண்ணை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மாமா சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாலும், நீதிபதிகள் பெண்ணிடம் தனியே பேசிய பிறகே முடிவெடுப்பார்கள். அவள் விருப்பம் தீர்ப்பாகிவிடாது. ஆனால் தட்டில் வைக்கிற எடைகளில் அது ஒன்று.

ஆக, அப்பாவின் உரிமை என்பது பிள்ளை எங்கே இருக்க வேண்டும், எதில் சேர வேண்டும் என்று முடிவு செய்கிற பொறுப்பு. போனைப் பிடுங்கியது, தோழி வீட்டுக்கு விடாதது, இவையெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். பிளஸ் டூவோடு நிறுத்துவேன் என்பதும் முட்டாள்தனமே தவிரக் குற்றமில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கோடு முடிந்துவிடுகிறது.

பெல்ட் அந்தக் கணக்கில் வராது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ வரும்படி தாக்கினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெற்ற அப்பாவுக்கும் சேர்த்துத்தான். "நாங்க வாங்காத அடியா" என்று சொல்கிற மாமாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கியிருப்பார்கள். அதற்காக அது கண்டிப்பு ஆகிவிடாது. இரண்டாவது தடவை நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தழும்பு இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். மாமாவை உள்ளே தள்ளுவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு "நான் தொட்டதே இல்லை" என்று அவர் சொன்னால் அவளிடம் ஒரு சீட்டாவது இருக்கட்டும்.

இங்கே நிறுத்தி இன்னொன்று கேட்கிறேன், கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அவள் அந்த வீட்டை விட்டு வந்ததற்கு அவள் சொன்ன காரணம் தவிர வேறு காரணம் உண்டா? ராத்திரி விளக்கணைத்த பிறகு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, முகம் பார்க்காமல் கேளுங்கள். வீட்டிலோ எஸ்டேட் லைன் வீடுகளிலோ யாராவது தவறாக நடந்திருந்தால் இந்தப் பதில் முழுவதையும் தூக்கிப் போடுங்கள். அது போக்சோ, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்; தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பதே குற்றம், அப்போது அந்த வீட்டுக்குத் திரும்புகிற பேச்சே கிடையாது. அதேபோல, ஒரு பையன் இருக்கிறானா என்றும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். இருந்தால் அவனை உங்கள் வீட்டுப் பக்கம் வரவிடாதீர்கள். பதினெட்டுக்குக் கீழே அவள் சம்மதம் செல்லாது, உள்ளே போகிறவன் அவன்தான். "சொந்தத்துலயே கட்டி வெச்சுரலாம்" என்று ஏற்காட்டில் பேச்சு ஓடுகிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியென்றால் 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, மாவட்டச் சமூக நல அலுவலருக்கு ஒரு போன் போதும்.

இவை எதுவும் இல்லை, அடி, படிப்பு, போன், இவைதான் காரணம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நாளைக் காலை குழந்தைகள் நலக் குழுவுக்குப் போங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு. இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்து விஷயத்தைப் பதிவு செய்துவிடுங்கள், போகவேண்டிய இடத்தையும் அவர்களே சொல்வார்கள். மாவட்டத்துக்கு ஒரு குழு, ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம். அங்கே பிள்ளையை போலீஸ்தான் கூட்டி வர வேண்டும் என்பதில்லை. யார் வேண்டுமானாலும் கூட்டி வரலாம். முக்கியமாக, பிள்ளை தானாகவே வந்து நிற்கலாம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நம் சட்டம் தனியாக வைத்திருக்கிற வாசல் என்றால் இதுதான். பாதிப் பேருக்கு இது தெரியாது.

பயப்படுகிற மாதிரி அங்கே என்ன நடக்கும்? அவளிடம் தனியாகப் பேசுவார்கள். அக்காவையும் மாமாவையும் கூப்பிடுவார்கள். ஒரு சமூகப் பணியாளர் நாகலூர் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், பதினைந்து நாள் கெடு. அதற்கிடையில் அவளை எங்கே வைப்பது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் கொள்கை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவசரத்தில் சில குழுக்கள் அதையே முதல் வழியாகச் செய்துவிடுகின்றன. நான் இருந்த குழுவே ஒரு தடவை செய்தது, பெரியம்மா வாசலில் காத்திருக்கும்போது ஒரு பையனை இல்லத்துக்கு எழுதினோம். மூன்று நாள் கழித்துத் திருத்தினோம். அந்தப் பையன் அதற்கப்புறம் எங்களிடம் வாயே திறக்கவில்லை.

அதனால் நீங்கள் வெறுங்கையோடு போகாதீர்கள். 52-ஆம் பிரிவில் "தகுதியுள்ள நபர்" என்று ஒரு ஏற்பாடு உண்டு. பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்துக்கொள்ளக் குழு ஒருவரை அங்கீகரிக்கலாம். அந்தச் சொல்லையே பயன்படுத்தி ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவள் எங்கே படுப்பாள், உங்கள் கணவருக்குச் சம்மதமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கணவரும் கூட வர வேண்டும். ஆம்பளை வீட்டில் இருக்கிறார் என்றால் அவர் முகத்தையும் குழு பார்க்க விரும்பும், இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவளுடைய ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல் கையில் இல்லையென்றால் அக்காவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. குழுவின் உத்தரவு ஒன்று கையில் இருந்தால் மாமா வந்து கையைப் பிடித்து இழுக்க முடியாது. இல்லாத இன்றைக்கு, சட்டத்தின் பார்வையில் அவர்தான் காப்பாளர். அவர் வாசலில் வந்து நின்றால் அவளை அறைக்குள் பூட்டாதீர்கள், கைகலப்பும் வேண்டாம். "நாளைக்குக் குழுவுல பேசிக்கலாம் மாமா, உள்ள வாங்க, காபி குடிங்க" என்று உட்கார வையுங்கள். அடிக்கக் கை ஓங்கினால் 112.

அப்புறம், குழு என்றால் மாமா மேல் கேஸ் என்று நினைக்காதீர்கள். பத்தில் எட்டு வீட்டில் அது ஒரு நீண்ட, அலுப்பான பேச்சுவார்த்தை. அதில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரு சம்மதக் கடிதம். "என் மகள் பிளஸ் டூ முடியும் வரை சேலத்தில் அவள் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க எனக்குச் சம்மதம்" என்று மாமாவும் அக்காவும் குழுவின் முன்னால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதனால் அவர் காப்பாளர் இல்லை என்று ஆகிவிடாது. நாளைக்கு மனசு மாறி வாபஸும் வாங்கலாம். ஆனால் 137-ஆம் பிரிவு முழுக்கக் "காப்பாளரின் சம்மதம் இல்லாமல்" என்ற ஆணியில்தான் தொங்குகிறது. இந்தத் தாள் அந்த ஆணியைப் பிடுங்கிவிடும். அவருக்கும் ஒரு மரியாதையான வழி கிடைக்கும். நாகலூரில் நாலு பேர் கேட்டால் "மக ஓடிப்போயிட்டா" என்று கூனிக் குறுகாமல், "சேலத்துல சித்தி வீட்ல தங்கிப் படிக்குது" என்று சொல்லலாம். மலையில் ஒரு அப்பாவுக்கு இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுவுக்குப் போன மறுநாள் நீங்கள் மட்டும் ஏற்காடு போய் வாருங்கள். பெண் வேண்டாம். கணவரும் வேண்டாம், இரண்டு ஆம்பளைகள் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். மாமா மதிக்கிற ஒருவர், பழைய வாத்தியார், எஸ்டேட்டில் பெரியவர், யாராவது கூட இருக்கட்டும். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். காசு என்றால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் வரும். அரசு மகளிர் கலைக் கல்லூரி கோரிமேட்டில் இருக்கிறது, ஏற்காடு பஸ் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. அரசின் நலத்துறை விடுதிகளும் உண்டு. "கீழ போனா கெட்டுப் போயிரும்" என்ற பயம் என்றால் திட்டம் எதுவும் உதவாது. மாதம் இரண்டு ஞாயிறு நீங்களே அவளை மேலே கூட்டி வருவதாக வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் தவறாமல் செய்யுங்கள்.

இனி வருவதை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

கண்ணு, நீ செய்ததில் ஒரு விஷயம் மிகச் சரி. சொந்தக்கார வீட்டுக்கு வந்தாய். நான்கு வருடத்துக்கு முன் ராசிபுரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியிலிருந்து சுவர் ஏறிக் குதித்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ராத்திரி உட்கார்ந்திருந்தான். "தம்பி, பெங்களூர்ல பேக்கரில வேலை, சாப்பாடு, தங்க இடம்" என்று ஒருவர் அன்பாகப் பேசினார். நாலு மாதம் கழித்துக் கிடைத்தான். வலது கை முழுக்க அடுப்புச் சூடு. அதே பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் மில்லுக்கும் ஆள் பிடிப்பார்கள், பெண்களிடம் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சித்தி வீட்டிலும் ஒரு நாள் சண்டை வரும். அன்றைக்குப் பையைத் தூக்கத் தோன்றினால் 1098-க்குப் போன் பண்ணு. மனசு ரொம்பக் கனத்துப் போனால் மனநல உதவி எண் 14416.

குழுவில் கேட்கும்போது கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே. அப்பா இரண்டு தடவை அடித்தார் என்றால் இரண்டு. "தினமும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மற்றதெல்லாம் பொய்யாகத் தெரியும். அம்மாவைக் காப்பாற்றுவதற்காக அடித்ததையே மறைக்கவும் வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள், "எங்கேயாவது போறேன்" என்று சொல்லாதே. எந்த வீடு, எந்தப் பள்ளி, எத்தனை மாதம் என்று சொல். பதினெட்டு நிரம்ப இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அன்றைக்கு நீ எங்கே வாழ வேண்டும் என்று அப்பா உட்பட யாரும் உன்னைக் கட்டிப்போட முடியாது. அதுவரை உன் மார்க் ஷீட்டுகளும் ஆதாரும் எங்கே இருக்கின்றன என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

மறுபடி சித்திக்கு. பள்ளிக்கூடத்தை மறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே லீவு ஆகிக்கொண்டிருக்கிறது. ஏற்காடு பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இன்றைக்கே போன் செய்து, அவள் பத்திரமாக இருக்கிறாள், லீவு என்று சொல்லுங்கள். பிளஸ் டூ நடுவில் பள்ளி மாற்றுவது லேசான காரியம் இல்லை. டிசி வாங்க மாமாவின் கையெழுத்து வேண்டியிருக்கும், பாடப்பிரிவு இங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்மதக் கடிதத்தில் பள்ளி மாற்றத்துக்கும் சேர்த்து ஒரு வரி எழுத வைத்துவிடுங்கள். அது விட்டுப்போய் மறுபடி மலையேறியவர்கள் இருக்கிறார்கள். மாமா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மலையிலேயே பரீட்சை எழுதட்டும், விடுதி கிடைக்குமா என்று குழுவையே கேளுங்கள்.

மேலே போகிற அன்று காலை பஸ்ஸில் போங்கள். மாமா எஸ்டேட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் ஆன பிறகு பேச்சை ஆரம்பியுங்கள். நாலு மணிக்குள் ஒத்துவரவில்லை என்றால் "சரிங்க மாமா, குழுவுல பாக்கலாம்" என்று எழுந்து பஸ் ஏறிவிடுங்கள்.